குரு நானக் ஒலித்தொடர்: குரல் அருமை, ஆனால் யார் சொன்னது?

மகள் ஆறு மாதச் சந்தா கட்டிக் கொடுத்த ஒலிநூல் செயலியில் நான் முழுதாகக் கேட்டு முடித்த முதல் தொடர் இது. குரு நானக் வாழ்க்கை, 14 பகுதிகள், ஒவ்வொன்றும் 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்பின். சந்தா மாதம் 7 வெள்ளி 90 காசு. செயலியின் பெயரை இங்கே எழுதவில்லை. சொல்ல வேண்டியதைத் தயாரிப்பாளர்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வாசிக்கும் அம்மாவின் குரலுக்காகவே கேட்கலாம். ழகரம் அவ்வளவு சுத்தம். பஞ்சாபிப் பெயர்களிலும் தடுமாற்றம் கிடையாது. பின்னணியில் ரபாப் என்ற நரம்பு வாத்தியம் ஒலித்துக்கொண்டே இருக்கிறது, ஆனால் குரலை அமுக்குவதில்லை. சுல்தான்பூரில் தௌலத்கான் லோதியின் தானியக் கிடங்கில் இளைஞர் நானக் எடைபோடும் கட்டத்தை நான் பூன் கெங் ரயில் நிலையத்தில் இறங்காமல் உட்கார்ந்து கேட்டேன். பன்னிரண்டு வரை எண்ணிப் பதின்மூன்றுக்கு வருகிறார். பஞ்சாபியில் பதின்மூன்றும் ‘தேரா’, உன்னுடையது என்பதும் ‘தேரா’. அதற்குமேல் எண்ணிக்கை நகரவில்லை, தேரா தேரா என்று அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறார். அந்தச் சிலேடையைத் தமிழில் விளக்கிய விதம் அழகு. விளக்கியது மாதிரியே தெரியவில்லை.

செயலியில் பெரிய தொந்தரவு இல்லை. சில சமயம் விட்ட இடத்தை மறந்து பகுதியின் தொடக்கத்துக்கே போய்விடும், அவ்வளவுதான்.

இனி என் தொழில் புத்தி. 31 வருஷம் அச்சகத்தில் மெய்ப்பு பார்த்தவன் நான். சந்தேகம் வந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுவது பழக்கம். ஒலிநூலுக்கு ஓரம் கிடையாது. இரண்டாம் பகுதியிலேயே விரல் அரிக்க ஆரம்பித்துவிட்டது.

“1469, கார்த்திகை மாதப் பௌர்ணமி இரவு” என்று பிறப்பு தொடங்குகிறது. ஆண்டில் சண்டை இல்லை, மாதத்தில்தான் சண்டை. குருவின் வாழ்க்கைக் கதைகளைச் சொல்லும் பழைய தொகுப்புகளுக்கு ஜனம்சாக்கி என்று பெயர். அப்படிப் பல தொகுப்புகள் உண்டு, ஒன்று சொல்வதை இன்னொன்று மறுக்கும். ‘புராதன்’ என்ற பழைய மரபும், மிஹர்பான் பெயரில் வழங்கும் தொகுப்பும் பிறந்த மாதம் வைசாகம் என்கின்றன. வைசாக வளர்பிறை மூன்றாம் நாள், அதாவது சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் நாம் வரிசை பிடிக்கும் அட்சய திருதியை. கார்த்திகைப் பௌர்ணமி என்பது பாலா ஜனம்சாக்கியின் கணக்கு. கரம் சிங் என்ற வரலாற்று ஆசிரியர் இந்த ஒரு கேள்விக்காகவே 1912இல் ஒரு புத்தகம் எழுதி, வைசாகம்தான் சரி என்று வாதாடினார். ஆனாலும் கொண்டாட்டம் பௌர்ணமியில்தான். 2003இல் சீக்கியர்கள் தங்களுக்கென்று நானக்ஷாஹி நாட்காட்டி கொண்டுவந்தபோதுகூட அந்த நாளில் கைவைக்கவில்லை.

எங்கள் புளோக்கில் ஆறாம் மாடியில் ஒரு சிங் இருக்கிறார். டாக்சி ஓட்டி ஓய்வு பெற்றவர், இளமையில் குருத்வாராவில் தபலா வாசித்தவர். எங்கள் அப்பா காலத்தில் இவர்களை வங்காளி என்றுதான் சொல்வார்கள். கல்கத்தாவில் கப்பல் ஏறி வந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். இவருக்குத் தெரிந்த தமிழ் ‘அண்ணே’, ‘சாப்டாச்சா’, அப்புறம் இங்கே எழுத முடியாத இரண்டு சொற்கள். மற்றபடி எங்கள் பேச்செல்லாம் பசார் மலாய்தான். கீழ்த்தளத்துக் கல்மேசையில் உட்கார்ந்து இந்தப் பௌர்ணமி விஷயத்தைச் சொன்னேன். கோப்பியை உறிஞ்சிவிட்டு, “சியாப்பா சாக்காப்?” என்றார். யார் சொன்னது?

அவர் ஒவ்வொரு நவம்பரிலும் சிலாட் ரோடு குருத்வாராவுக்குப் போய்க் குனிந்து கும்பிடுகிறவர்தான். “கும்பிடுற நாள் வேற, பிறந்த நாள் வேற அண்ணே. ரெண்டையும் ஒண்ணாக்கினால்தான் சண்டை” என்று மலாயில் முடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பகுதியையும் அந்தக் கேள்வியோடுதான் கேட்டேன். நான்காம் பகுதியிலிருந்து, குருவின் பயணத் துணைவர் என்று அந்த ஜனம்சாக்கி சொல்லும் பாலா கூடவே வருகிறார். “மூவரும் நடந்தார்கள்” என்று வாசிப்பவர் சொல்லும்போதெல்லாம் மனத்துக்குள் ஒரு கேள்விக்குறி போட்டேன். 1604இல் சீக்கியர்களின் வேதமான ஆதி கிரந்தத்தைத் தொகுத்தபோது எழுத்தராக இருந்தவர் பாயி குர்தாஸ். குருவின் பாக்தாத் பயணத்தைப் பாடும் இடத்தில் அவர் இரண்டு பேரைத்தான் சொல்கிறார்: பாபா (குரு நானக்தான்), ரபாப் வாசிக்கும் மர்தானா. மூன்றாவது ஆள் அங்கே இல்லை. பாலா ஜனம்சாக்கியோ, இரண்டாம் குரு அங்கதின் முன்னிலையில் பாலாவே சொல்லச் சொல்ல எழுதியது என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிறது. தனக்குத் தானே நற்சான்றிதழ் எழுதிக்கொண்ட மாதிரி. இப்போது கிடைக்கும் அதன் பழைய ஏட்டில் உள்ள ஆண்டு 1658. குரு மரபோடு போட்டியிட்ட ஒரு பிரிவினரின் கை அதில் இருக்கிறது என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு.

இதைச் சிங்கிடம் சொன்னபோது மட்டும் அவர் ‘சியாப்பா சாக்காப்’ கேட்கவில்லை. அவர் அம்மா சுவரில் மாட்டியிருந்த படத்தில் நடுவில் குரு, ஒரு பக்கம் ரபாபோடு மர்தானா, மறுபக்கம் சாமரத்தோடு பாலா. “பாலாவை எடுத்துட்டா அந்தப் பக்கம் காலியா இருக்குமே” என்றார்.

நமக்கும் இது புதிதில்லை. கிணற்றில் பாதியில் விட்ட கயிறு அப்படியே அந்தரத்தில் நின்ற வாசுகி கதையை நானும் என் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் வளர்த்தேன். குறளில் வாசுகி எங்கே இருக்கிறார்? வள்ளுவர் கி.மு. 31இல் பிறந்தார் என்று வைத்து ஆண்டுக் கணக்கே நடத்துகிறோம். நடத்துவோம். கதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இலக்கணம் சொல்ல வந்த தொல்காப்பியரே பத்து அடிக்கு ஒருதரம் ‘என்ப’, ‘என்மனார் புலவர்’ என்று போட்டுக்கொண்டு போகிறார். இது நான் சொல்வதில்லை, அவர்கள் சொன்னது என்று காட்ட நம் மொழியில் மூன்று எழுத்தே போதும். 14 பகுதிகளில் எங்காவது ‘என்பர்’ வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒருமுறை வந்தது, அதுவும் பழமொழிக்கு.

ஒன்பதாம் பகுதி ராமேசுவரம். இதை இரண்டு தரம் கேட்டேன், ஒத்துக்கொள்கிறேன். அங்கே குரு நானக் தாம் என்ற குருத்வாரா இருக்கிறது. அப்பாவின் அஸ்தியைக் கரைக்கப் போனபோது பார்த்திருக்கிறேன். சிங்களத் தீவின் அரசன் சிவநாபனைக் குரு சந்தித்த கதை புராதன் மரபிலேயே உண்டு. தொடரில் ஆண்டு, இறங்கிய துறை, எத்தனை நாள் தங்கினார் எல்லாம் கூடவே இருந்த பக்தர் குறிப்பெடுத்த மாதிரி வருகிறது. எங்கிருந்து எடுத்தார்கள் என்று ஒரு சொல் இல்லை. குரு நம் கடற்கரையில் நடந்திருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆசை இருக்கும் இடத்தில்தான் மெய்ப்புக்காரன் இரண்டு தரம் பார்க்க வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது பதினொன்றாம் பகுதியில். பாபரின் படை சைத்பூரைச் சூறையாடும் கட்டம். இதற்குத் தங்கமான ஆதாரம் இருக்கிறது. குருவே பாடிய பாடல்கள் அந்த வேதத்தில், குரு கிரந்த் சாகிப்பில், இருக்கின்றன. பாவத்தையே மாப்பிள்ளை ஊர்வலமாகக் கூட்டிக்கொண்டு காபூலிலிருந்து பாய்ந்து வந்தான் என்று பாடுகிறார். பெண்கள் பட்ட பாட்டைச் சொல்லிக் கடவுளையே கேட்கிறார்: இவ்வளவு அடி விழுந்ததே, உனக்கு வலிக்கவில்லையா? படித்தால் முதுகு சிலிர்க்கும். இதற்குத் தொடர் கொடுத்தது அரை நிமிடம். சிறையில் திரிகை தானாகச் சுற்றியது, பாபர் வந்து காலில் விழுந்தார் என்பதற்குக் கால் மணி நேரம். பாபர் தானே எழுதிய பாபர்நாமாவில் அப்படி ஒரு சந்திப்பு இல்லை. ஆனால் அந்த நூலில் 1520 தொடக்கத்திலிருந்து 1525 கடைசி வரை உள்ள பக்கங்களே காணாமல் போனவை. அதனால் சந்திப்பு நடக்கவில்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது. இதைச் சொல்லியிருந்தாலே கதை இன்னும் சுவையாகியிருக்கும்.

இந்தச் சண்டை எவ்வளவு பெரிதென்று பிறகுதான் படித்தேன். பஞ்சாபின் படாலாவில் பாடம் நடத்திய நியூசிலாந்துக்காரர் மெக்லியோட் 1968இல் எழுதிய நூலில் ஜனம்சாக்கிக் கதைகளை ஐந்து கூடைகளில் பிரித்துப் போட்டார். உறுதியானவை, பெரும்பாலும் நடந்தவை, நடந்திருக்கக்கூடியவை, நடந்திருக்க வாய்ப்பில்லாதவை, நடக்கவே முடியாதவை. முதல் கூடையில் மிஞ்சியது மிகக் கொஞ்சம். சீக்கிய அறிஞர்கள் பலர் கொதித்துப்போனார்கள். காகிதத்தில் இல்லாததெல்லாம் பொய் என்றால் ஒரு சமூகத்தின் நினைவுக்கு என்ன மதிப்பு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இந்தத் தொடரைக் கேட்கிறவருக்கு அப்படி ஒரு வழக்கு நடந்ததே தெரியாது.

அட்டைப்படத்தையும் சொல்ல வேண்டும். வெண்தாடி, பாதி மூடிய கண், உயர்த்திய உள்ளங்கை. குருவின் 500ஆம் ஆண்டை ஒட்டி 1969இல் சோபா சிங் வரைந்த ஓவியத்தின் சாயல் அது. முதல் பகுதியில் அதைத் ‘திருமுகம்’ என்று அறிமுகப்படுத்துகிறார்கள். குருவை நேரில் பார்த்து வரைந்த படம் எதுவும் கிடையாது.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். பேரப்பிள்ளைக்குப் போட்டுக் காட்டலாம், பள்ளிக் கட்டுரைக்கு இதை நம்பி எழுத விடாதீர்கள். 11 இடங்களைக் குறித்து, எங்கெங்கே ‘என்பர்’ சேர்த்தால் போதும் என்று எழுதி அனுப்பினேன். “உங்கள் கருத்துக்கு நன்றி” என்று இயந்திரம் ஒன்று பதில் போட்டது.

கடைசிப் பகுதியைச் சிங்குக்கும் போட்டுக் காட்டினேன். ஆளுக்கொரு காதில் ஒலிப்பான். கர்த்தார்பூரில் குரு மறைந்ததும், போர்வையை விலக்கினால் பூக்கள் மட்டும் இருக்கும் கட்டம். தமிழ் புரியாவிட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வாத்தியம் எப்படி, ரபாப் பிரமாதம் இல்லையா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். “இது ரபாப் இல்லை அண்ணே. சரோட்.”

“சியாப்பா சாக்காப்?” என்றேன்.

பதில் சொல்லாமல் தன் காதைத் தொட்டுக் காட்டினார்.