ஓ.இ.டி.யா, ஐ.இ.எல்.டி.எஸ்.ஸா: சேலம் டாக்டர்களுக்கு எது சரி?

சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியில் படித்து, பிரிட்டனில் டாக்டர்களைப் பதிவு செய்யும் ஜி.எம்.சி. அமைப்பின் பதிவுக்குத் தயாராகும் டாக்டர்களுக்கு எங்கள் ஓட்டு, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.க்கே. எல்லாத் துறையினரும் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக்கில் மொத்தம் 7.5, நான்கு பிரிவிலும் குறைந்தது 7 வேண்டும். 250 சொல் கட்டுரைதான் காலை வாரும். ஓ.இ.டி.யில் நான்கிலும் பி கிரேடு, அதாவது குறைந்தது 350 மதிப்பெண் போதும்.

ஓ.இ.டி.யின் எழுத்துத் தேர்வு 45 நிமிடம். முதல் 5 நிமிடம் கேஸ் நோட்ஸ், அதாவது நோயாளி பற்றிய குறிப்புகளை வாசிக்க மட்டும். பிறகு 180–200 சொல்லில் ஒரு கடிதம், பெரும்பாலும் ரெஃபரல், அதாவது நோயாளியை வேறொருவரிடம் அனுப்பும் கடிதம். வார்டில் எழுதுவதுதானே என்று அலட்சியம் வேண்டவே வேண்டாம். நோட்ஸில் உள்ளதையெல்லாம் அப்படியே இறக்கினால் மதிப்பெண் போய்விடும். எதற்காக அனுப்புகிறோம் என்பது முதல் பத்தியிலேயே வரட்டும். பெறுபவருக்கு உதவாத பழைய விவரங்களை வெட்டுங்கள்.

ஓ.இ.டி. கட்டணம் ஐ.இ.எல்.டி.எஸ்.ஸைவிட நன்றாகவே கூடுதல். மதிப்பெண் 2 ஆண்டுதான் செல்லும், அவசரப்பட்டு முன்கூட்டியே எழுதிவிடாதீர்கள்.