காட்டைக் கூடத்துக்குள் கொண்டுவந்தவரும், கொத்தனாரைத் தேடிப் போனவரும்

இயற்கையோடு இயைந்த கட்டடக்கலை என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது, அமெரிக்காவில் ஃபிராங்க் லாயிட் ரைட் 1930களில் அருவிமேல் கட்டிய ஃபாலிங்வாட்டர் வீடு. அழகில் குறையில்லை. ஆனால் அந்தரத்தில் நீளும் அதன் கான்கிரீட் தளங்கள் தொய்ந்துபோய், 2002இல் எஃகு வடங்களைக் கொடுத்து இழுத்து இறுக்கி நிறுத்த வேண்டியிருந்தது. இயற்கையோடு மக்களின் கட்டட மரபையும் சேர்த்துப் பிடித்தவர்களைப் பார்க்க வேண்டுமானால், ஹங்கேரியின் இம்ரே மகோவெட்ஸையும் எகிப்தின் ஹசன் ஃபாத்தியையும் எதிரெதிரே வைக்கலாம்.

ஊரெங்கும் ஒரே அச்சில் எழும்பிய கான்கிரீட் பலகைக் குடியிருப்புகளை மகோவெட்ஸால் (1935–2011) பொறுக்க முடியவில்லை. கட்டடத்தை அவர் உயிருள்ள உடம்பாகவே பார்த்தார். புடாபெஸ்டின் ஃபர்கஷ்ரேட் கல்லறைத் தோட்டத்தில் 1975இல் அவர் அமைத்த இறுதிச்சடங்குக் கூடத்தின் உட்புறம் முழுக்க மரத்தாலான விலா எலும்புகள். இதயம் இருக்கவேண்டிய இடத்தில்தான் சவப்பெட்டியை வைப்பார்கள். 1992 செவில் உலகக் கண்காட்சியின் ஹங்கேரிக் கூடத்தில் ஒரு மரத்தை அப்படியே நிறுத்தி, அதன் வேர்கள் தெரியும்படி கீழே கண்ணாடித் தரை போட்டார். உள்ளே நுழைபவரை ஒரு நிமிடம் வாயடைக்க வைக்கும் வேலை இது.

ஃபாத்தியின் பாதை வேறு. இரண்டாம் உலகப் போரில் மரமும் எஃகும் கிடைக்காமல் போயின. மரம் இல்லாமல் கூரை போடுவது எப்படி? பதில் எகிப்தின் தெற்கே, அஸ்வான் பகுதியில் வாழும் நூபிய இனக் கொத்தனார்களிடம் இருந்தது. பின்சுவரை முதலில் எழுப்பி, வைக்கோல் கலந்த சுடாத மண்கற்களை அதன்மேல் சாய்த்துச் சாய்த்து ஒட்டுவார்கள். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் மேல் சாய்ந்துகொள்வதால் அடியில் தாங்கிப் பிடிக்கும் சென்ட்ரிங் பலகையே வேண்டாம். தொங்கும் சங்கிலியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் வருகிற வளைவை ஒட்டிய வடிவம். சுமை அழுத்தமாகவே கீழே இறங்கும், அதனால் மண் தாங்குகிறது. இதில் யாரும் மரத்தையோ எலும்பையோ பார்த்து வரையவில்லை. ஆனாலும் இயற்கையின் கணக்கு உள்ளே இருக்கிறது.

சரி, ஃபாத்தி தோற்கவில்லையா? தோற்றார். லக்சர் அருகே பழைய கூர்னா ஊராரைக் குடியேற்ற 1940களில் அவர் கட்டத் தொடங்கிய புதிய கூர்னா கிராமத்துக்கு அந்த ஊரார் போக மறுத்தார்கள். அவர்கள் பிழைப்பே பழைய இடத்தின் தொல்பொருள்களைச் சுற்றித்தான் இருந்தது. வேலை பாதியில் நின்றது, பிறகு நிலத்தடி நீர் ஏறி மண்சுவர்களை அரித்தது. மக்களின் கலையை எடுத்துக்கொண்டு, மக்களின் சம்மதத்தைப் பெறாமல் விட்ட திட்டம் அது.

அப்படியும் என் ஓட்டு ஃபாத்திக்கே. கோயிலோ நினைவுக் கூடமோ கட்டுவதென்றால் மகோவெட்ஸ் வழியை மறுக்க மாட்டேன்; அங்கே மனம் நெகிழ வேண்டும், ஒரு கலைஞனின் கண் வேண்டும். ஆனால் அந்தக் கண் இல்லாமல் அதே வடிவங்களை நகலெடுத்தால் மிஞ்சுவது வெறும் அலங்காரம். வீடு என்பது மழைக்குப் பிறகு பூச வேண்டியது, பிள்ளைகள் வளர்ந்தால் ஒரு அறை கூட்ட வேண்டியது. அதற்குத் தேவையான அறிவு ஊர்க் கொத்தனார் கையில் இருந்தால்தான் வீடு நிற்கும். அதே நூபிய வளைவுக்கூரையை இன்று புர்கினா ஃபாசோவில் எளிமைப்படுத்திக் கற்றுக்கொடுக்கிறார்கள். அங்கும் கூரைக்கு மரம் இல்லாததுதான் பிரச்சினை. ஒரு கொத்தனார் பழகி, அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்து, சாதாரணக் குடும்பங்களுக்கு வீடு எழும்புகிறது.