வைரஸ் சோதனை: பட்டையா, லாம்ப்பா?

இலை சுருண்டு மஞ்சள் பாய்ந்த செடியை வாட்டுவது வைரஸா, சத்துக் குறைவா என்று வயலிலேயே அறிய விரும்புவோர் பெரும்பாலும் கரைசலில் நனைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டை, வைரஸின் மரபுப்பொருளைச் சீரான சூட்டில் பெருக்கிக் கண்டறியும் லாம்ப் (LAMP) ஆகிய இரண்டுக்கும் இடையில்தான் தயங்குகிறார்கள்.

வேகம்: இலைத் துணுக்கைக் கரைசலில் நசுக்கிப் பட்டையின் முனையை நனைத்தால், சுமார் 10 நிமிடத்தில் கோடு தெரியும். 2000ஆம் ஆண்டில் அறிமுகமான லாம்ப் முறைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் தேவை.

கருவி: பட்டைக்கு எதுவும் வேண்டாம், லாம்ப்புக்கு 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் சீராக நிற்கும் சூடேற்றி வேண்டும்.

நுட்பம்: பட்டை வைரஸின் புரத உறையைத் தேடுவதால், வைரஸ் ஓரளவு பெருகிய பிறகே அது காட்டும், நெருங்கிய உறவுடைய வைரஸ்களைப் பிரித்தறியாமலும் போகலாம். வைரஸைப் போலவே செடியைத் தாக்கும், ஆனால் உறையே இல்லாத வைராய்டுகளிடம் அது செல்லாது. லாம்ப்போ மரபுப்பொருளையே பன்மடங்காக்குவதால், அறிகுறி தோன்றுமுன்பே காட்டிவிடக்கூடும். ஆனால் வினை முடிந்த குழாயை அங்கேயே திறந்தால், கண்ணுக்குத் தெரியாத துளி சிதறி அடுத்தடுத்த மாதிரிகளையெல்லாம் பொய்யாக 'நோயுண்டு' என்று காட்டவைக்கும். இந்தத் தொல்லையைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்.

அறிகுறி தெளிவாக உள்ள செடியில் சந்தேகத்தை உறுதிசெய்யப் பட்டையே போதும். பார்வைக்கு நலமாயுள்ள தாய்ச்செடியையும் நடவுப்பொருளையும் சலித்தெடுக்க லாம்ப்பையே தேர்ந்தெடுப்பேன்.