'திறந்த காடு' என்று சொல்லி, லாரியில் வந்து இறங்கிய மானைக் காட்டினார்கள்

வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தென்னாப்பிரிக்காவில் சட்டப்படி வேட்டை, திறந்த காடு, அடைத்து வைத்த விலங்கு கிடையாது என்று சொல்லி வேலூரில் ஒரு பயண ஏஜென்ட் என்னிடம் 4 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் வாங்கினார். பணம் போனதுகூடப் பெரிதில்லை. அந்தப் பணத்தைக் கட்டி நான் என்ன செய்துவிட்டு வந்தேன் என்பதுதான் எட்டு மாதமாக உறுத்துகிறது. இப்போது அதே ஆள் உள்ளூரிலேயே வேறொன்றை விற்க ஆரம்பித்திருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

என் தாத்தா ஜவ்வாது மலை அடிவாரத்தில் உரிமம் பெற்ற ஒற்றைக் குழல் துப்பாக்கி வைத்திருந்தவர். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அதைத் தொடவில்லை. ஆனால் சாகும்வரை அந்தக் கதைகள் ஓயவில்லை. தண்ணீர் குடிக்க வந்ததைச் சுடக்கூடாது, குட்டியோடு இருப்பதைச் சுடக்கூடாது, அடிபட்டு ஓடியதைத் தேடாமல் வீடு திரும்பக்கூடாது. இதையெல்லாம் யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. நாலு நாள் மலையில் அலைந்துவிட்டு வெறுங்கையோடு இறங்கிய கதையைத்தான் அவர் அதிகம் சொல்வார். கடைசியில் "அது ஜெயிச்சிடுச்சுடா" என்பார். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சந்தோஷம் இருக்கும்.

அதைக் கேட்டு வளர்ந்ததால் ஏஜென்டிடம் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டேன்: அங்கே மான் தப்பிப்பதற்கு வழி இருக்குமா? அவர் வாய்ஸ் மெசேஜில் அனுப்பிய பதில் இன்னும் என் போனில் இருக்கிறது. "நூறு பர்சன்ட் ஃபேர் சேஸ்ண்ணே. கிடைக்கலைன்னா கிடைக்கலைதான்." எனக்கு வேண்டியதே அந்தக் கடைசி வார்த்தைதான்.

ஃபேர் சேஸ் என்பது வேட்டைக்காரர்களே தங்களுக்குப் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. அமெரிக்காவில் தியோடர் ரூஸ்வெல்ட் முன்னின்று 1887-ல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப் அதை வரையறுத்து வைத்திருக்கிறது. விலங்கு சுதந்திரமாகத் திரிவதாக இருக்க வேண்டும், அதன்மேல் வேட்டைக்காரனுக்கு முறையற்ற சாதகம் இருக்கக்கூடாது. தப்ப முடியாத வேலிக்குள் சுட்ட விலங்கின் கொம்பு எத்தனை அங்குலம் இருந்தாலும் அவர்கள் பதிவேட்டில் ஏறாது. கடல் தாண்டியிருந்தாலும் என் தாத்தாவின் கணக்கும் இதுதான்.

சரி, நடந்ததற்கு வருகிறேன். ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கி, லிம்போபோ மாகாணத்தில் ஒரு பண்ணைக்குக் காரில் கூட்டிப் போனார்கள். முதல் இரண்டு நாள் துப்பாக்கிப் பழக்கமும் ஊர் சுற்றலுமாகப் போயிற்று. மூன்றாம் நாள் காலை வண்டியை நிறுத்தி, எழுபது மீட்டர் தூரத்தில் ஒரு கூடூ மானைக் காட்டினார்கள். நம்ம ஊர் வெளிமானைப் போலத் திருகிய கொம்பு, ஆனால் உடம்பு கடம்பை மானைப் போலப் பெரிது. கூடூ மகா கூச்சமுள்ள விலங்கு, புதரோடு புதராக நின்றால் கண்ணுக்கே தெரியாது என்று படித்துவிட்டுப் போயிருந்தேன். இது வண்டிச் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றது. அமிர்தி பூங்காவில் பள்ளிப் பிள்ளைகள் கம்பி ஓரம் போனால் புள்ளிமான் காதைத் திருப்பிப் பார்க்குமே, அதே பார்வை. மனசுக்குள் ஏதோ இடித்தது. ஆனாலும் சுட்டேன். சுட்டது நான்தான், அதை யார் தலையிலும் கட்டமுடியாது. வண்டியை விட்டு இறங்கியதிலிருந்து எல்லாம் முடிய இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டார்கள். நான் தோல் உரிக்கும் கொட்டகைக்குப் போனேன். இருபத்திரண்டு வருடமாக ஆம்பூரில் தோலின் ரகம் பார்ப்பதுதான் என் பிழைப்பு. தோலைக் கையில் எடுத்தால் அந்த மாடு எப்படி வாழ்ந்தது என்று ஓரளவு தெரிந்துவிடும். முள் கிழித்து ஆறிய கோடு, உண்ணி கடித்த புள்ளி, சண்டையில் பட்ட தழும்பு, சூட்டுக்கோல் அடையாளம், எல்லாம் அதில் எழுதியிருக்கும்.

அந்தக் கூடூவின் தோளிலும் பிட்டத்திலும் முடி தேய்ந்து, தோல் சிவந்திருந்தது. ஆறின காயம் இல்லை, நாலைந்து நாளுக்குள் பட்டது. லாரிக் கூண்டின் பக்கப் பலகையில் நின்றபடியே உரசிக்கொண்டு வந்த மாட்டின் மேல் இதே அடையாளத்தை நூறு முறை பார்த்திருக்கிறேன். இடது காதில் வட்டமாக ஒரு ஓட்டை, ஓரம் ஆறி வழவழப்பாக இருந்தது. அது பண்ணை விலங்குக்கு அடையாளத்துக்காகக் காதுவில்லை போட்டிருந்த இடம். கொம்பைத் தொட்டேன், நுனியில் விரல் ஒட்டியது. டேப் ஒட்டி எடுத்த பசை. வண்டியில் ஏற்றும்போது ஒன்றையொன்று குத்தாமல் இருக்கக் கொம்பில் பிளாஸ்டிக் குழாயைச் செருகி டேப் சுற்றுவார்கள் என்று அங்கிருந்த ஆளே சொன்னார். பிறகு வயிற்றைப் பிளந்தார்கள். கூடூ இலைதழை மேயும் விலங்கு. உள்ளே இருந்தது மக்காச்சோளமும் குதிரைமசால் வைக்கோலும்.

என்றைக்கு வந்தது என்று கேட்டேன். தடம் பார்க்கும் பெரியவர் என் முகத்தை ஒரு முறை பார்த்தார். அப்புறம் கீழே பார்த்துக்கொண்டு, "சனிக்கிழமை" என்றார். நான் சுட்டது செவ்வாய்க்கிழமை.

மறுநாள் வேலியைக் காட்டச் சொல்லி அடம்பிடித்தேன். ஆளைவிட உயரமான கம்பி வேலி. ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் பத்து நிமிடத்தில் நடந்துவிட்டேன். தோலையும் கொம்பையும் வேண்டாம் என்று சொல்லி அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வேலி என்றாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவில் 1991-ல் வந்த ஒரு சட்டப்படி, போதுமான வேலி போட்ட நிலத்தில் இருக்கும் காட்டு விலங்கு அந்த நிலக்காரருக்கே சொந்தம். அதனால் அங்கே தனியார் வேட்டை நிலம் பெரும்பாலும் வேலிக்குள்தான் இருக்கும். ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தில் மான் தானாக மேய்ந்து, தானாகக் குட்டி போட்டு, ஆளைக் கண்டால் ஓடி மறைய இடம் இருந்தால், நாள் முழுக்க நடந்தாலும் வேலி கண்ணில் படாது. அங்கே வெறுங்கையோடு திரும்பவும் வாய்ப்பு உண்டு. சனிக்கிழமை இறக்கிச் செவ்வாய்க்கிழமை சுட வைப்பதை அதனோடு சேர்க்கவே கூடாது. புது இடத்தில் எங்கே ஒளிவது, எங்கே தண்ணீர் என்றுகூட அந்த மானுக்குத் தெரியாது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை, வேட்டைக்காரர்களே சொல்கிறார்கள். கூண்டில் வளர்த்த சிங்கத்தை வேலிக்குள் விட்டுச் சுடும் வியாபாரம் அங்கே பல வருடமாக நடக்கிறது. 2015-ல் அந்த நாட்டுத் தொழில்முறை வேட்டைக்காரர் சங்கமே அதோடு தொடர்பில்லை என்று தீர்மானம் போட்டது. இரண்டே வருடத்தில் அந்தத் தீர்மானத்திலிருந்து சங்கம் பின்வாங்கியபோது உள்ளேயே பெரிய பிளவு வந்தது. 2018-ல் அமெரிக்காவின் சஃபாரி கிளப் இன்டர்நேஷனலும் அந்த வேட்டையை ஆதரிக்க மாட்டோம் என்று அறிவித்தது. 2021-ல் தென்னாப்பிரிக்க அரசு அமைத்த உயர்மட்டக் குழு, சிங்கத்தை அடைத்து வளர்ப்பதையே நிறுத்தப் பரிந்துரைத்தது.

ஊர் திரும்பி ஏஜென்டிடம் கேட்டபோது, "இன்னாண்ணே, மான் கிடைச்சுதா இல்லையா? கொம்பு 52 இன்ச். அப்புறம் இன்னா குறை?" என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார்: "ஆட்டுக்கறி சாப்பிடுறீங்களே, கடையில கட்டிப் போட்ட ஆடு மட்டும் தப்பிச்சு ஓடுமா?" இந்தக் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. நான் கறி சாப்பிடுகிறவன், செத்த மாட்டின் தோலில் சம்பாதிக்கிறவன். ஆனால் கறிக்கடை பாய் எனக்கு ஆட்டை ஆடு என்று சொல்லித்தான் விற்கிறார். காட்டில் தேடிப் பிடித்தது என்று சொல்லி விற்பதில்லை. நான் இந்த ஆளிடம் கொம்புக்குப் பணம் கட்டவில்லை. அந்த மான் என்னை ஏமாற்றிவிட்டு ஓடக்கூடிய வாய்ப்புக்குத்தான் கட்டினேன். அது எனக்கும் கிடைக்கவில்லை, அந்த மானுக்கும் கிடைக்கவில்லை.

பணம் திருப்பித் தர மறுத்தவர், அதற்குப் பதிலாக ஒரு 'சலுகை' சொன்னார். ஜவ்வாது மலைப் பக்கம் ஒரு தனியார் தோப்பில் கம்பி வேலி போட்டுக் காட்டுப்பன்றி விட்டிருக்கிறார்களாம். தனியார் நிலம், அடைத்த விலங்கு, அதனால் சட்டம் பொருந்தாதாம். முன்பணம் 15 ஆயிரம்.

தயவுசெய்து நம்பாதீர்கள். 1972 சட்டத்தில் 'வேட்டை' என்பதற்கான விளக்கத்திலேயே, அடைத்து வைத்த விலங்கைக் கொல்வதும் வேட்டைதான் என்று இருக்கிறது. கொல்ல முயல்வதும், கண்ணி வைப்பதும், இரை வைத்து இழுப்பதும்கூட அதில் அடக்கம். பட்டா நிலம் என்பதெல்லாம் செல்லாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றி பற்றி அறிவித்ததைக் காட்டி அனுமதி வந்துவிட்டது என்கிறார்கள். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரில் இறங்கும் பன்றியைத்தான் சுடலாம், அதுவும் வனத்துறையினர் சுட வேண்டும் என்பதே அந்த அறிவிப்பு. பணம் கட்டிப் போகிற நம்ம பிள்ளைகளுக்குக் கிடைக்கப்போவது வழக்கும் சிறையும்தான்.

வெளிநாட்டில் சட்டப்படி போக நினைக்கிறவர்கள் பணம் கட்டும் முன் நாலு விஷயத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலிக்குள் எத்தனை ஹெக்டேர், அந்த விலங்கு அங்கேயே பிறந்ததா, வெளியிலிருந்து வந்ததென்றால் என்றைக்கு, தீவனம் வைக்கிறார்களா. 'கட்டாயம் கிடைக்கும்' என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நான் மனு போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பன்றி விஷயத்தை வனத்துறை அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்துவிட்டேன். ஏற்கெனவே 15 ஆயிரம் கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த ஆளின் வாய்ஸ் மெசேஜையும் ரசீதையும் அழித்துவிடாதீர்கள். என்னைத் தொடர்பு கொள்ளுங்கள், அடுத்த விசாரணைக்குச் சேர்ந்தே போகலாம்.