பெயிண்ட் அடிச்ச கையோட வேக்ஸ் வேண்டாம்னு சொன்ன பட்டறை
கோயம்புத்தூர்ல எங்க வீட்டு பக்கத்து பட்டறைலதான் என் ஸ்விஃப்ட்டுக்கு பானட்டும் இடது பக்க கதவும் பெயிண்ட் அடிச்சேன், கலர் மேட்ச் அவ்ளோ கச்சிதம், வெயில்ல நின்னு பாத்தாலும் வித்தியாசம் தெரியல. சொன்ன நாளைவிட 3 நாள் லேட், அது மட்டும்தான் குறை.

எனக்கு ரொம்ப புடிச்சது என்னன்னா பளபளப்புக்கு மேல பூசுற வேக்ஸ் போட்டு குடுங்கண்ணேன்னு நானே காசு நீட்டியும் பட்டறை அண்ணன் வாங்கல. கம்பெனில வெறும் பாடியா இருக்கும்போது 140 டிகிரி கிட்ட சுடுவாங்க தம்பி, நம்ம பெயிண்ட் பூத்துல வண்டியோட வயரிங் பிளாஸ்டிக்லாம் சேந்தே இருக்கறதால 60 டிகிரிதான், மேல காஞ்சாலும் உள்ள இருக்க தின்னர், அதான் பெயிண்ட்ட இளக்க கலக்குறது, மெதுவாதான் வெளிய வரும், இப்ப வேக்ஸ் போட்டா அத அடைச்சிரும், 2 மாசம் பொறுன்னாரு.

அதுவரைக்கும் நெழல்ல வெச்சு பச்சத்தண்ணி, கார் ஷாம்பூ, சுத்தமான மைக்ரோஃபைபர் துணி, இவ்ளோதான். பிரஷ் சுத்துற மெஷின் வாஷ் பக்கமே போகக்கூடாதாம், தூசிய வறட்டு துணியால தொடைக்கவும் கூடாது, கோடு கோடா விழுந்துரும். காக்கா எச்சம் பட்டா சாயங்காலம் பாத்துக்கலாம்னு விடாம ஒடனே தண்ணி ஊத்தி ஊறவெச்சு எடுக்கணும், புது பெயிண்ட்ல கறை சீக்கிரம் ஏறிடும். வேப்பமரத்தடில நிறுத்துறத நான் அன்னிக்கே விட்டுட்டேன்.

70 நாள் கழிச்சு போன வாரம்தான் வேக்ஸ் போட்டேன், பானட்ல மொகம் தெரியுது!