யிப்ஸ் வந்தா அங்கயே நின்னு பாக்கறதா, இடத்த மாத்திக்கறதா?

கொழிஞ்சாம்பாறைல எங்க டீம் தம்பி ஒருத்தன், ஆறு மாசமா ஸ்பின் போட்டா பந்து ரெண்டு குத்து குத்துது இல்லன்னா தலைக்கு மேல போகுது, கைல வலி இல்ல, தனியா போட்டா அருமையா விழுது. நல்லா பழகின எறியே திடீர்னு கைக்கு வராம போற இதத்தான் பேஸ்பால்ல யிப்ஸ்ங்கறாங்க.

டாட்ஜர்ஸ் டீம்ல செகண்ட் பேஸ் பக்கம் ஃபீல்டிங் பண்ண ஸ்டீவ் சாக்ஸ் 1983ல 30 எரர் (ஃபீல்டிங் தப்பு) பண்ணாரு, பக்கத்துல இருக்கற ஃபர்ஸ்ட் பேஸுக்கு சாதாரணமா எறியறதே தப்பா போச்சு, ஆனாலும் அதே இடத்துல நின்னு மீண்டாரு.

ரிக் ஆங்கியல் கதை வேற. கார்டினல்ஸ் டீமோட 21 வயசு பிட்சர் (பந்து போடறவர்), 2000 பிளேஆஃப்ல ஒரே இன்னிங்ஸ்ல 5 வைல்ட் பிட்ச், அதாவது கேட்சர் பிடிக்க முடியாத அளவு தாறுமாறான பந்து. வருஷக்கணக்கா போராடி, 2005ல பிட்சிங்க விட்டுட்டு கீழ்மட்ட லீக்ல பேட்டிங் பழகி, 2007 ஆகஸ்ட்ல அதே கார்டினல்ஸுக்கு அவுட்ஃபீல்டரா (மைதானத்தோட தூரத்துல நிக்கற ஃபீல்டர்) வந்து மொத மேட்ச்லயே ஹோம் ரன். நினைச்சாலே கண்ணு கலங்குது எனக்கு. யாங்கீஸ் டீமோட செகண்ட் பேஸ்மேன் சக் நாப்லாக்கும் இதே எறியற பிரச்சனையால 2001ல அவுட்ஃபீல்டோட இடது பக்கத்துக்கு, லெஃப்ட் ஃபீல்டுக்கு, மாறினவர்தான்.

பிட்சருக்கு ஒவ்வொரு பந்துலயும் யோசிக்க நேரம் இருக்கு, அதான் பயம் உள்ள புகுந்துடுது, அவுட்ஃபீல்டுல ஓடி எடுத்து வீசணும், யோசிக்கவே விடாது. நான் தம்பிக்கு இந்த சீசன் முழுக்க சாக்ஸ் வழிதான் சொல்லுவேன், ஸ்பின்ன விடாம போடட்டும், அப்பறமும் சரியாகலன்னா பேட்டிங் பழகட்டும். ஆனா பந்து தப்பினதும் "என்னடா ஆச்சு"ன்னு கத்தறத எல்லாரும் இன்னைக்கே நிறுத்துங்கப்பா.