அம்மாவின் நீலகிரிப் படங்களும் எழும்பூர்ப் பக்கத்து பிரேம் கடையும்

அம்மா நிலக்காட்சிகளை மட்டுமே வரைந்தார். எழும்பூர் ஓவியப் பள்ளியில், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் அதன் முதல்வராக இருந்த ஆண்டுகளில் பயின்ற அவர், உடன் படித்தவர்கள் உருவங்களை நேராகக் காட்டாத அருவ ஓவியத்தின் பக்கம் சாய்ந்து, சிலர் சென்னை அருகே 1966-இல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் குடியேறியபோது, குன்னூரில் பள்ளி ஓவிய ஆசிரியையாகச் சேர்ந்து, கேத்திப் பள்ளத்தாக்கையும் தேயிலைச் சரிவுகளையும் நீர்வண்ணத்தில் தீட்டிக்கொண்டிருந்தார். அவர் மறைந்த பிறகு, அந்தப் படங்களைப் புதிதாக பிரேம் செய்யவும், உடன்பிறந்தோருக்கு அச்சுப் படிகள் எடுக்கவும் எழும்பூர்ப் பக்கம் உள்ள ஒரு கடையை நாடினோம். முதல் வேலையில் அந்தக் கடைக்குத் தாராளமாக மதிப்பெண் கொடுக்கலாம். இரண்டாவதில் அப்படிச் சொல்ல முடியவில்லை.

படங்கள் நல்ல நிலையில் இல்லை. முன்பு வேறொருவர் அவற்றை ஹார்டுபோர்டில் பசை தடவி ஒட்டி, கண்ணாடியைத் தாளோடு தாளாக அழுத்தி வைத்திருந்தார். குன்னூரின் ஈரத்தில் வானப் பகுதியெங்கும் பழுப்புப் புள்ளிகள் படர்ந்திருந்தன. சென்னைக்கு வந்தபின் ராமபாணப் பூச்சி ஓரங்களை அரித்திருந்தது. கடைக்காரர் எதையும் அவசரமாகப் பிய்க்கவில்லை. பசையை மெல்ல ஈரப்படுத்தித் தாளைப் பிரித்து, அமிலமற்ற மவுண்ட் போர்டில், மேல்விளிம்பில் மட்டும் மெல்லிய ஜப்பானியத் தாள் துண்டுகளைக் கோதுமை மாவுச்சத்துப் பசையால் ஒட்டித் தொங்கவிட்டார். நாளை வேறொருவர் கழற்ற நினைத்தால் தண்ணீரிலேயே அது விட்டுவிடும். நம் ஊர் பைண்டிங் கடைகளில் பூச்சிக்காகப் பசையில் கலக்கும் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அவர் சேர்க்கவில்லை; அது தாளையே கெடுக்கும் என்றார். கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே, படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையின் கனம் இடைவெளியாக நிற்கிறது. புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு விலை என்றாலும், நீர்வண்ணத்துக்கு அந்தச் செலவு தகும்.

ஏன் தகும் என்பதை ஒரு படமே காட்டியது. ரோடோடென்ட்ரான் என்னும் மலைப்பூ மரம் பூத்த சரிவு ஒன்றின் பழைய பிரேமை நீக்கியபோது, அதன் விளிம்புக்கு அடியில் மறைந்திருந்த விரற்கடை அகல ஓரத்தில் பூக்கள் இன்னமும் இரத்தச் சிவப்பாக இருந்தன; வெளிச்சம் பட்ட பகுதியிலோ அவை வெளிறிய ரோஜா நிறமாகிவிட்டன. அம்மா விரும்பிப் பயன்படுத்திய அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு ஒளியில் மங்கும் வண்ணம். "மேலே தீட்டிச் சரிசெய்து தரட்டுமா" என்று கேட்கும் கடைகள் உண்டு. இவர் கேட்கவில்லை என்பதோடு, நாங்கள் கேட்டபோதும் மறுத்துவிட்டார். அந்த மறுப்புக்காகவே இந்தக் கடையைப் பிறருக்குச் சொல்வேன்.

படிகளில்தான் குறை. அம்மா பச்சை வண்ணத்தை டியூபில் வாங்கியதே இல்லை. அல்ட்ராமரீன் நீலத்தையும் ஓக்கர் என்ற மண்மஞ்சளையும் கலந்து, மூடுபனிக்குள் நிற்கும் தேயிலையின் சாம்பல் பச்சையை எடுப்பார். கடையில் கணினியில் இருக்கும் இளைஞர் அதை மங்கலான புகைப்படம் என்று எண்ணித் திருத்திவிட, முதல் படி சுற்றுலா விடுதிக் காலண்டரைப் போல வந்தது. 2006-இல் கொடைக்கானலில் வரைந்த குறிஞ்சிப் பூப் படத்தில் சிக்கல் வேறு வகையானது: அச்சு மைகளால் அந்த ஊதாவை முழுமையாக எட்ட முடிவதில்லை. இருபுறமும் விளக்கு வைத்துப் படமெடுத்ததால், தாளின் குழிகளில் அல்ட்ராமரீன் மணல்மணலாகப் படிந்திருப்பதும் தட்டையாகிவிட்டது. மூலப் படத்தை எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபின் பச்சை சரியாயிற்று. ஊதா ஓரளவுதான் வந்தது. மறு அச்சுக்குக் கூடுதல் பணம் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பிரேம் வேலைக்குத் தயங்காமல் கொடுக்கலாம், ஆனால் சொன்ன தேதியை நம்பி விழாவுக்கு நாள் குறிக்க வேண்டாம். படி எடுப்பதானால், முழு அளவில் அச்சிடும் முன் ஒரு சிறு பட்டையை மாதிரியாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். கேட்டால் தருகிறார்கள், தாமாகத் தருவதில்லை.